பால்காட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை: வெள்ளைச் சப்பாத்தின் வரலாறு



வரலாறு என்றவுடன் அரசர்களும் போர்களும் ஆட்சி மாற்றங்களுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆனால், நம் வீட்டுப் பழைய பெட்டிகளிலும் வரலாறு இருக்கிறது. மடித்து வைத்த பள்ளிச் சீருடை, சாயம் போன தீபாவளிச் சட்டை, அடிப்பாகம் தேய்ந்த சப்பாத்து ஆகியவற்றைக் கையில் எடுத்தால் இளமைக்காலம் முழுவதும் மனத்தில் எழுந்து நிற்கும். அத்தகைய எளிய பொருள்களுள் ஒன்றைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன். மலேசியாவில் பல தலைமுறைப் பிள்ளைகள் பள்ளிக்கு அணிந்து சென்ற வெள்ளைக் கேன்வஸ் சப்பாத்துதான் அது.

புதுச் சப்பாத்துப் பெட்டியைத் திறந்தவுடன் எழும் ரப்பர் மணம் பலருக்கு இன்றும் மறந்திருக்காது. மணத்தை உணரும் நரம்புகள், உணர்ச்சிக்கும் நினைவுக்கும் உரிய மூளைப் பகுதிகளோடு மிக நெருங்கிய தொடர்புடையவை. ஆகவேதான் ஒரு மணம் நம்மை நாற்பது, ஐம்பது ஆண்டுகளுக்குப் பின்னே கொண்டு சென்று விடுகிறது. ஆனால், அந்த ரப்பர் மணத்திற்கு நம்மிடையே இன்னொரு பொருளும் உண்டு. அந்த ரப்பரை மரத்திலிருந்து சீவி எடுத்தவர்கள் யார்? நம் பாட்டன்மார், பாட்டிமார் அல்லவா? அவர்கள் எடுத்த பால், சப்பாத்தாக மாறி அவர்களுடைய பிள்ளைகளின் கால்களுக்கு வந்து சேர எத்தனை ஆண்டுகள் ஆயின என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். நாம் வீட்டில் வழங்கும் ‘சப்பாத்து’ என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியில் ‘சப்பாத்தோ’ என்றால் காலணி. அதே சொல்தான் மலாயில் ‘செப்பாத்து’ என நிற்கிறது. நாம் கால்சட்டையைச் ‘சிலுவார்’ என்கிறோமே, அது ‘செலுவார்’ என்ற மலாய்ச் சொல். மலாய் மொழிக்கு அது மேற்காசியாவிலிருந்து வந்தது. நாமும் கொடுக்காமல் இல்லை. பழைய மலாய் நூல்களில் காணும் ‘செர்ப்பு’ என்பது நமது செருப்பே. இந்நாட்டில் வாழ்ந்த மக்கள் ஒருவர் உடையை ஒருவர் பார்த்து, அதன் பெயரையும் சேர்த்தே வாங்கிக் கொண்டார்கள் என்பதற்கு இவை சான்றுகள்.

இனி ரப்பரின் கதைக்கு வருவோம். தென்னமெரிக்காவின் அமேசான் காட்டு மக்கள், கால் வடிவிலான அச்சின்மேல் ரப்பர் பாலை ஊற்றி, புகையில் காட்டி உலர்த்திக் காலணி செய்தார்கள். 1820களிலும் 1830களிலும் அக்காலணிகள் பிரேசிலிலிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறின. ஆனால் அவற்றில் ஒரு குறை இருந்தது. கோடையில் அவை இளகி ஒட்டிக்கொள்ளும். குளிர்காலத்தில் கல்லைப் போல் இறுகிவிடும். 1839ஆம் ஆண்டு சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர், ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடேற்றினால் இந்தக் குறை நீங்குவதைக் கண்டார். நமது சப்பாத்தின் அடிப்பாகம் வெயிலில் உருகாமல் இருப்பதற்குக் காரணம் அந்தக் கண்டுபிடிப்பே.

1876ஆம் ஆண்டு ஹென்றி விக்கம் என்பவர் பிரேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை இலண்டன் கியூ தோட்டத்திற்குக் கொண்டு சேர்த்தார். அவற்றுள் ஒரு சிறு பகுதியே முளைத்தது. 1877இல் அங்கிருந்து 22 கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்தன. 1888இல் சிங்கப்பூர்ப் பூமலைக்குப் பொறுப்பேற்ற ரிட்லி, மரத்தைக் கொல்லாமல் நாள்தோறும் பட்டையைச் சீவிப் பாலெடுக்கும் முறையை வகுத்தார். 1896இல் மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் வாணிக நோக்கில் ரப்பர் பயிரிட்டார். பின்னர் மோட்டார் வண்டிகள் பெருகின. டயருக்கு ரப்பர் வேண்டியிருந்தது. மலாயாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. அத்தோட்டங்களில் உழைக்கத் தமிழகத்திலிருந்து நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள்.

வந்தவர்களின் கால்களில் என்ன இருந்தது? பெரும்பாலும் ஒன்றுமில்லை. ஏழ்மை மட்டுமே அதற்குக் காரணம் என்று எண்ணிவிடக் கூடாது. அந்நாளில் தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில், ஒடுக்கப்பட்ட சாதியினர் மேல்சாதியினர் வாழும் தெருவில் செருப்பணிந்து நடக்க முடியாது. வெறுங்கால் என்பது அங்கே தாழ்வின் அடையாளமாக இருந்தது. கடல் கடந்து வந்த பின்னும் அந்த அச்சம் உடனே நீங்கிவிடவில்லை. இங்கே சாதியோடு துரை, கிராணி, தண்டல் என்ற வேறு படிகளும் சேர்ந்துகொண்டன.

தோட்டத்து வாழ்க்கையை நேயர்கள் பலர் அறிவீர்கள். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். கைக்குழந்தையை ஆயாக்கொட்டகையில் விட்டுவிட்டுத் தாய் பால்காட்டுக்குப் போவாள். கைலிக்கு மேல் நீண்ட கையுள்ள ஆண்களின் சட்டை ஒன்றை அணிந்து, தலையில் துணியைக் கட்டிக் கொள்வாள். அந்தச் சட்டையில் ரப்பர்ப் பால் சொட்டிச் சொட்டிக் காய்ந்து, தோல் போலத் தடித்திருக்கும். எவ்வளவு துவைத்தாலும் கறை போகாது. புளித்த பாலின் வாடையும் போகாது. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒருவரிடம் இளமைக்காலத்து உடை எது என்று கேட்டுப் பாருங்கள். தம் சட்டையைச் சொல்லுமுன் தாயின் இந்த வேலைச் சட்டையைத்தான் அவர் சொல்வார்.

வெறுங்கால் நடை நலக்கேட்டையும் கொண்டு வந்தது. கொக்கிப்புழுவின் மிகச் சிறிய இளம்புழுக்கள் ஈரமண்ணில் வாழ்பவை. அவை பாதத்தின் தோலைத் துளைத்து உடலுக்குள் புகுந்து, இரத்தத்தின் வழியே நுரையீரலை அடைந்து, இறுதியில் குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகின்றன. 1915 முதல் 1917 வரை அமெரிக்காவின் ராக்பெல்லர் அறநிறுவனம் அனுப்பிய மருத்துவக் குழு ஒன்று மலாயாவிலும் ஜாவாவிலும் பீஜித் தீவுகளிலும் இந்நோயை ஆராய்ந்தது. இந்நோய் கண்ட பிள்ளைக்கு இரத்தசோகை உண்டாகும்; முகம் வெளுக்கும்; வகுப்பில் சோர்ந்து தூங்கும். அத்தகைய பிள்ளையைச் சோம்பேறி என்று திட்டியவர்கள் உண்டு. அதற்கு வேண்டியிருந்தவை மருந்தும், நல்ல கழிப்பிடமும், ஒரு சோடிச் செருப்பும் ஆகும்.

அப்படியானால் செருப்பு வாங்கக் கூடாதா என்று கேட்கலாம். 1920களின் இறுதியில், போக்குவரத்து வசதியுள்ள தோட்டப் பகுதிகளில் ஆணுக்கு நாட்கூலி 50 காசு. பெண்ணுக்கு 40 காசு. 1930களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தம் வந்தபோது அந்தக் கூலியும் குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் தமிழகத்திற்குத் திருப்பி அனுப்பப்பட்டனர். அரிசிக்கும் பருப்புக்கும் போதாத கூலியில் பிள்ளையின் காலுக்கு என்ன வாங்க முடியும்?

இதே காலத்தில்தான் இந்த மண்ணின் ரப்பர் இங்கேயே சப்பாத்தாக மாறத் தொடங்கியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது. சிங்கப்பூரில் டான் கா கீ 1920களில் ரப்பர்க் காலணிகளையும் டயர்களையும் தம் ஆலையில் செய்து பல நாடுகளில் விற்றார். மந்தம் அவரையும் விடவில்லை. 1934இல் அவருடைய நிறுவனம் மூடப்பட்டது. ஐரோப்பாவில் இன்றைய செக் நாட்டிலுள்ள ஸ்லின் நகரில் 1894இல் தோன்றிய பாட்டா நிறுவனம், 1931இல் சிங்கப்பூருக்கு வந்தது. 1930களிலேயே கிள்ளானிலும் பாட்டாவின் சப்பாத்துத் தொழிற்சாலை எழுந்தது. பின்னாளில் ஃபங் கியோங் என்ற முத்திரையுள்ள கேன்வஸ் சப்பாத்துகளும் மலேசியப் பிள்ளைகளுக்கு நன்கு அறிமுகமாயின.

ஒரு கேன்வஸ் சப்பாத்து எப்படி உருவாகிறது தெரியுமா? மங்கில் சேர்ந்த பாலைத் தோட்டத்தில் காடி ஊற்றி உறைய வைத்து, தகடாக்கிப் புகையில் உலர்த்துவார்கள். அந்தத் தகடு தொழிற்சாலைக்கு வந்ததும், இரண்டு பெரிய உருளைகளுக்கிடையே பிசையப்படும். கந்தகமும் நிறப்பொடியும் சேர்க்கப்படும். பின்பு அதிலிருந்து அடிப்பாகத்தை வெட்டியெடுப்பார்கள். மேற்பாகம் தடித்த பருத்தித் துணி. அதைக் கால் வடிவ அச்சின்மேல் இழுத்து ஒட்டி, துணியும் அடிப்பாகமும் சேரும் இடத்தைச் சுற்றி ஒரு ரப்பர்ப் பட்டையைப் பதித்து, சூட்டுக்கலத்தில் வைத்து வேக வைப்பார்கள். அதன் பிறகே அது இறுகிச் சப்பாத்தாகும். பால்காட்டுக்கும் இந்தத் தொழிற்சாலைக்கும் இடையிலுள்ள தூரம் சில மைல்களே. ஆனால் பால் சீவியவரின் பிள்ளைக்கும் அந்தச் சப்பாத்துக்கும் இடையில் இருந்த தூரமோ மிகப் பெரிது.

1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி செல்லும் வயதில் பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்ட நிருவாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது. பள்ளிகள் தோன்றின. பல இடங்களில் அவை ஒற்றை அறைக் கொட்டகைகள். வயதில் வேறுபட்ட பிள்ளைகள் அனைவரும் ஓர் ஆசிரியரிடமே படித்தார்கள். காலையில் பெற்றோருக்கு உதவிவிட்டு, பால்பிசுக்கு ஒட்டிய கைகளோடும் வெறுங்காலோடும் வந்து அமர்ந்த பிள்ளைகள் அவர்கள். அங்கே எல்லார் கால்களும் ஒரே மாதிரி இருந்ததால், வெறுங்கால் ஒரு குறையாகவே தோன்றவில்லை.

1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் பெரும் வேலைநிறுத்தம் மூண்டது. ஆர். எச். நாதன் முன்னின்ற அந்த இயக்கத்தின் கோரிக்கைகளை இன்று படித்தாலும் மனம் கலங்கும். கூலி உயர்வு ஒன்றே அவர்கள் கேட்டதன்று. பிள்ளைகளுக்கு முறையான கல்வி வேண்டும் என்றார்கள். துரையோ அலுவலரோ எதிரே வரும்போது மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்கும் கட்டாயம் நீங்க வேண்டும் என்றார்கள். காந்தி குல்லா அணிவது அந்நாள்களில் எதிர்ப்பின் அடையாளமாயிற்று. தலையில் என்ன அணிவது, எதிரே வருபவர்முன் எப்படி நிற்பது என்பவையெல்லாம் மானத்தைச் சார்ந்த கேள்விகளாகி விட்டன. வேலைநிறுத்தம் துப்பாக்கியால் அடக்கப்பட்டது. நாதன் நாடு கடத்தப்பட்டார். கேட்ட கேள்வி மட்டும் அடங்கவில்லை.

அடுத்து வந்தது ஜப்பானியர் ஆட்சி. 1942 முதல் 1945 வரை வெளிநாட்டுத் துணி வரத்து நின்றது. ரப்பரை வாங்குவாரும் இல்லை. உடுத்தத் துணியில்லாமல் கோணிச் சாக்கை வெட்டித் தைத்து அணிந்தவர்கள் தோட்டங்களில் ஏராளம். சாக்கின் நார் உடம்பை அறுத்ததை அக்காலத்துப் பிள்ளைகள் முதுமையிலும் மறக்கவில்லை. பழைய டயரை வெட்டிச் செருப்பாக்கினார்கள். சந்தையிலும் குளிக்கும் இடத்திலும் கட்டைச் செருப்பு ஒலித்தது. உலகுக்கு ரப்பர் கொடுத்த நாட்டிலே, ரப்பர் மரங்களுக்கிடையே வாழ்ந்தவர்கள் சாக்குடுத்தி வெறுங்காலோடு நின்ற காலம் அது.

போருக்குப் பின் நிலைமை மெல்ல மாறியது. கோதுமை மாவு வந்த பருத்திப் பைகளைப் பிரித்து, வெளுத்து, பிள்ளைகளுக்கு உள்ளாடை தைத்தார்கள். மிதிவண்டியில் துணிமூட்டையோடு வந்த வணிகர்கள் தவணைக்குத் துணி கொடுத்துவிட்டு, சம்பள நாளன்று கணக்குப் புத்தகத்தோடு வந்து நின்றார்கள். தீபாவளிக்கு ஒரே துணியை மொத்தமாக எடுத்து, வீட்டுப் பிள்ளைகள் அனைவருக்கும் சட்டையும் பாவாடையும் தைத்துப் போடுவதுண்டு. கூட்டத்தில் பார்த்தவுடனேயே இன்னார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லிவிடலாம்! ரப்பர்ச் சிலிப்பரும் அப்போது பரவியது. மலாய் நண்பர்கள் அதை ‘ஜப்பான் சிலிப்பர்’ என்றார்கள். மூன்று சிலிப்பர்களைச் சாய்த்து நிறுத்திவிட்டு, தொலைவிலிருந்து எறிந்து வீழ்த்தும் விளையாட்டில் எந்த இனப் பிள்ளை என்ற வேறுபாடு இருந்ததில்லை.

1957இல் நாடு விடுதலை பெற்றது. தோட்டத்துப் பிள்ளைகளில் மேலும் பலர் ஆறாம் வகுப்பை முடித்து, பட்டணத்து இடைநிலைப்பள்ளியின் புகுமுக வகுப்பில் கால் வைத்தார்கள். கால் வைத்தார்கள் என்ற சொல்லை இங்கே எண்ணியே சொல்கிறேன். தோட்டப் பள்ளியில் ஒரு குறையாகத் தோன்றாத வெறுங்கால் அங்கே செல்லாது. சப்பாத்து வேண்டும். அதுவும் வெள்ளையாக இருக்க வேண்டும். தோட்டத்துப் பாதையோ செம்மண் பாதை. மழை பெய்தால் சேறு. வெயில் அடித்தால் புழுதி. லோரியிலோ பேருந்திலோ ஏறிப் பள்ளிக்குப் போய்ச் சேருமுன் சப்பாத்தின் ஓரம் சிவந்துவிடும். அந்தச் சிவப்புக் கறையே, இவன் எங்கிருந்து வருகிறான் என்பதைச் சக மாணவர்களுக்கு அறிவித்தது. ஆகவே, சப்பாத்தைக் கையில் தூக்கிக்கொண்டு செம்மண் பாதையை வெறுங்காலால் கடந்து, தார்ச்சாலையை அடைந்ததும் காலைத் துடைத்து அணிந்து கொண்ட பிள்ளைகள் பலர். அறிவுடைய பிள்ளைகள் அவர்கள்!

1970ஆம் ஆண்டு ஜனவரியில் மலேசியப் பள்ளிகளுக்கு ஒரே வகையான சீருடை வந்தது. தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு வெள்ளைச் சட்டையும் கருநீலக் கால்சட்டையும் உரியவையாயின. இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குப் பச்சை நிற நீளக் கால்சட்டை. மாணவியருக்குப் பினபோர் அல்லது பாஜு கூரோங். எல்லார்க்கும் வெள்ளைச் சப்பாத்து. சிங்கப்பூரில் பள்ளிக்குப் பள்ளி சீருடை வேறுபட்டாலும், வெள்ளைச் சப்பாத்து அங்கும் பலருக்கு உரியதாயிற்று. சீருடையின் நோக்கம் செல்வர், ஏழை என்ற வேற்றுமை தெரியாமல் இருப்பது. சட்டையில் அந்நோக்கம் ஓரளவு நிறைவேறியது. ஆனால் காலைக் குனிந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். ஒருவனுக்கு ஆண்டுக்கு இரண்டு சோடி. இன்னொருவனுக்கு அண்ணன் அணிந்து விட்ட சோடி. பெருவிரல் பக்கம் கிழிசல்.

சப்பாத்து வாங்கும் முறையிலேயே அந்நாளைய குடும்பப் பொருளாதாரம் முழுவதும் அடங்கியிருந்தது. பள்ளித் தவணை தொடங்குமுன் கடைக்குக் கூட்டிப் போவார்கள். பிள்ளையின் கால் ஐந்தாம் எண் என்றால் ஆறாம் எண் வாங்குவார்கள். முன்பக்கத்தில் செய்தித்தாளைச் சுருட்டி அடைத்துவிட்டால் நடக்கலாம். ஆண்டு முடிவதற்குள் தாள் வெளியே வரும். கால் உள்ளே நிறையும். “வளருகிற பிள்ளைதானே!” என்ற தாயின் சொல்லில் சிக்கனமும் இருந்தது, நம்பிக்கையும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மாலை வந்துவிட்டால் வீட்டுக்கு வீடு ஒரே வேலை. சவர்க்காரம் போட்டுத் தூரிகையால் சப்பாத்தைத் தேய்க்க வேண்டும். வெள்ளைப் பூச்சைத் தடவ வேண்டும். வெயிலில் உலரும்போது மஞ்சள் படியாமலிருக்க மெல்லிய தாளைச் சுற்றி வைப்பதுண்டு. மழைக்காலமென்றால் விறகடுப்பின் ஓரத்தில் வைத்துக் காய வைக்க வேண்டும். திங்கட்கிழமைச் சபைகூடலில் கறை தென்பட்டால் ஆசிரியர் விடமாட்டார். அதற்கும் வழி இருந்தது. கரும்பலகையின் ஓரத்தில் கிடக்கும் சுண்ணக்கட்டித் துண்டை எடுத்துக் கறைமேல் தேய்த்துவிடுவது! அந்தச் சுண்ணம் மதியம்வரை தாங்கினால் போதும்.

இதில் சிரிப்பும் உண்டு, வருத்தமும் உண்டு. சப்பாத்து இல்லாத காரணத்தால் பள்ளிக்கு வர நாணி நின்றுவிட்ட பிள்ளைகளும் இருந்தார்கள். அவர்களுடைய பெயர் எந்தத் தேர்ச்சிப் பட்டியலிலும் இல்லை. மறுபுறம், தன் காலுக்குச் செருப்பு வாங்காமல் பிள்ளையின் காலுக்குச் சப்பாத்து வாங்கிய பெற்றோர் எத்தனையோ பேர். ஈரக்காட்டில் அட்டைக் கடியைத் தாங்கிக்கொண்டு பால் சீவிய கைகள், ஞாயிறு மாலையில் மகளின் சப்பாத்துக்கு வெள்ளை பூசின. சீவிய பால் எங்கெங்கோ சுற்றி, வல்லுநர் ஆய்வையும் ஆலையின் வெப்பத்தையும் கடையின் விலைச்சீட்டையும் கடந்து, கடைசியில் அந்த வீட்டுப் படிக்கட்டுக்கே திரும்பி வந்தது. அதற்கு ஏறத்தாழ இரண்டு தலைமுறைக் காலம் பிடித்தது. சமுதாயத்தின் முன்னேற்றம் என்று ஏடுகளில் எழுதுகிறோமே, அதன் கண்கூடான உருவம் இதுதான்.

காலம் மீண்டும் மாறிவிட்டது. 2018ஆம் ஆண்டு மலேசியக் கல்வியமைச்சு, வெள்ளைச் சப்பாத்துக்கு மாற்றாகக் கறுப்புச் சப்பாத்தை அறிவித்தது. 2019 முதல் படிப்படியாக அது நடைமுறைக்கு வந்தது. கறுப்பில் அழுக்குத் தெரியாது. துவைக்கும் வேலை குறைவு. பெற்றோருக்கு நேரமும் பணமும் மிச்சம். இது நல்ல மாற்றமே. செம்மண் கறைக்கு அஞ்சி எந்தப் பிள்ளையும் சப்பாத்தைக் கையில் தூக்க வேண்டியதில்லை. அதே வேளையில், பழைய தோட்டங்கள் பலவும் மறைந்துவிட்டன. ரப்பர் மரங்கள் நின்ற இடத்தில் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் நிற்கின்றன. லயங்களில் வாழ்ந்தவர்கள் அடுக்குமாடி வீடுகளுக்குக் குடிபெயர்ந்துவிட்டார்கள். பெயர்ந்து போகும்போது எதையெல்லாம் எடுத்துச் சென்றார்கள்? சாமி படத்தை எடுத்திருப்பார்கள். பழைய சப்பாத்தை யார் எடுத்திருப்பார்கள்?

பழம்பொருளைக் காக்க முடியாவிட்டாலும் பழைய நினைவைக் காக்கலாம். மாணவ நேயர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பெரியவரிடம் மூன்றே கேள்விகள் கேளுங்கள். முதன்முதலில் சப்பாத்து அணிந்தது எந்த வயதில்? அதை வாங்கிக் கொடுத்தவர் யார்? அதற்குமுன் என்ன அணிந்து நடந்தீர்கள்? அவர் சொல்லும் விடையை ஆண்டும் ஊரும் குறித்து எழுதி வையுங்கள். அரசு ஆவணங்களில் கூலிக்கணக்கும் ரப்பர் விலையும் கிடைக்கும். ஒரு சிறுமி செம்மண் பாதையில் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஏன் நடந்தாள் என்பது அவற்றில் கிடைக்காது. அதைச் சொல்ல அவளால் மட்டுமே முடியும். அந்தச் சிறுமி இன்று உங்கள் பாட்டியாக உங்கள் வீட்டிலேயே இருக்கலாம்.